மயிலாப்பூரில் கை நனைக்காத எட்டு நாள்

1

எனக்கு அறுபத்திரண்டு வயது. ஒன்பது பெற்றேன், ஏழு தங்கின. என் ஓர்ப்படி கண்ணை மூடியபோது விட்டுப்போன பிள்ளையையும் சேர்த்து எட்டுப் பேரை வளர்த்து ஆளாக்கினேன். எட்டுப் பேரையும் ரங்கூனில், படகுத்துறைக்குப் பின்தெருவில் இருக்கும் எங்கள் சாப்பாட்டுக் கடையில், அடுப்பைவிட்டு நகராமலே வளர்த்தேன். பள்ளிக்கூடம் போனவள் இல்லை. பிள்ளைகள் பலகையில் எழுதுவதை இட்லி ஊற்றிக்கொண்டே பார்த்துப் பார்த்து எழுத்துப் பிடித்தவள். கை மெதுவாகத்தான் போகும். போனால் என்ன, எனக்கு எங்கே ஓட வேண்டியிருக்கிறது?

பிறந்தது மயிலாப்பூர், கால்வாய்க் கரை. அப்பா கால்வாயில் விறகுப் படகு தள்ளினார். பதினேழு வயதில் என்னைக் கட்டிக்கொண்டவரோடு கப்பல் ஏறினேன். அதற்குப் பிறகு நாற்பத்து நாலு வருடம் கழித்துத்தான், போன பங்குனியில், கடைசி மகள் பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு சென்னைப் பட்டணத்துக்கு வந்தேன். நாங்கள் கப்பல் ஏறி இன்றோடு ஒரு வருடம். இன்று பார்த்து எதிர்வீட்டுக்காரர் கடைக்கு வந்து, "ஆச்சி, அடுத்த மாசம் நாங்க பட்டணம் போறோம். என்ன பாக்கலாம், என்ன சாப்பிடலாம்?" என்று கேட்டார். வாயால் சொன்னேன். சொல்லச் சொல்ல, இதை அவருக்குச் சொல்வதைவிடப் பட்டணத்துக்காரர்கள் உங்களுக்குச் சொல்வதே முறை என்று தோன்றியது. அங்கேயே இருக்கிற உங்களுக்கு உங்கள் ஊரைச் சுற்றிக்காட்டத் தெரியவில்லை. குறையாகச் சொல்லவில்லை. தினமும் பார்க்கிற முகத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

ஆனால் நான் ஊர் பார்க்க வரவில்லை. பாக்கியத்துக்கு மயிலாப்பூரில் ஒரு இடம் வந்திருந்தது. மாப்பிள்ளை டிராம் கண்டக்டர், பெயர் ஏகாம்பரம். தகப்பன் இல்லை. தாய் தாயாரம்மா, குளத்தங்கரையில் வெற்றிலை விற்கிறாள். கொடுப்பதா வேண்டாமா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய வந்தேன். என் இரண்டாவது மகளை இங்கே பர்மாவிலேயே மோல்மீனில் கொடுத்தபோது அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டு வந்து சொன்னேன். பதினாறு வருடமாகிறது. வருவாள், போவாள், காலில் விழுவாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிக்க மாட்டாள். கடைசிப் பெண்ணையாவது மனசு தெரிந்து கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. பெண்ணிடம் நேராகக் கேட்கிற வழக்கம் எங்களில் கிடையாது. எனக்கு வாயும் வராது.

2

கப்பலைவிட்டு இறங்கியதும் டாக்டர் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். அம்மை குத்திய சீட்டைக் கேட்டார்கள். பிறகு ஒரு குமாஸ்தா, "சொந்த ஊர்?" என்றார். நான் மயிலாப்பூர் என்றேன். பாக்கியம் ரங்கூன் என்றாள். "தாயும் மகளும் வேற வேற ஊரா?" என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பின்னால் நூறு பேர் மூட்டையோடு நிற்கிறார்கள். "ஐயா, நான் சொல்றது நான் பொறந்த ஊரு. அவ சொல்றது அவ பொறந்த ஊரு. இதுல பொய் எது?" என்றேன். என்ன எழுதினாரோ, எழுதினார்.

என் தம்பி வேலு வண்டி வைத்துக்கொண்டு காத்திருந்தான். நான் போனபோது அரைஞாண் கயிறோடு அழுதவன், இப்போது தலை முழுக்க நரை. அவன் வீட்டில் தங்கினோம். வண்டியிலேயே சொல்லிவிட்டேன்: "வேலு, ஒரு முடிவுக்கு வர்ற வரைக்கும் அந்த வூட்ல நாங்க கை நனைக்க மாட்டோம்."

"அது எனக்குத் தெரியாதா அக்கா? நாற்பது வருஷம் கழிச்சு வந்து எனக்குச் சொல்லிக்குடுக்கிறியா?" என்றான்.

நாம் எல்லோரும் அறிந்ததுதான். சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டில் ஒரு பிடி சோறு தின்றால், சரி என்று சொன்னதாக அர்த்தம். தாயாரம்மாவும் அதை அறிந்தவள். முதல் நாள் வீட்டைப் பார்க்கப் போனோம். கோயிலுக்குப் பின்னால் ஒரு வரிசை வீடுகளில் நடு வீடு, இரண்டே அறை, தெருக்குழாய்த் தண்ணீர். பெருக்கித் துடைத்து வைத்திருந்தாள். நாங்கள் உட்கார்ந்து கால் நாழிகைகூட ஆகவில்லை, எழுந்தாள். "அக்கா, தொண்டை காஞ்சி போயிருப்பே. இங்க தண்ணி குட்த்தா நீ குடிக்க மாட்டே. வா, சோடாக் கடைக்குப் போவலாம்" என்றாள். சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு விருந்தாளியைத் தெருவில் உபசரித்தவளை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஆனால் அவளுக்கும் எனக்குமா கல்யாணம்?

இப்படித்தான் எங்களுக்கு ஊர் பார்க்கும் யோகம் வந்தது. வீட்டில் வைத்துச் சோறு போட முடியாதவர்கள் வேறு என்ன செய்வார்கள்? ஊரைச் சுற்றிக் காட்டினார்கள்.

3

முதலில் எல்லோரும் கூட்டிப்போகிற இடத்துக்குத்தான் போனோம். எழும்பூரில் செத்த காலேஜ், அதாவது செத்ததையெல்லாம் பஞ்சடைத்து வைத்திருக்கும் மியூசியம். அப்புறம் மிருகங்கள் இருக்கும் உயிர் காலேஜ். கடற்கரையில் மீன் காலேஜ். கண்ணாடிப் பெட்டிக்குள் மீன் நீந்துவதைக் காசு கொடுத்துப் பார்த்துவிட்டு, வெளியே வந்தால் மணலில் அதே மீனைக் கூடையில் வைத்து விற்கிறார்கள். விருந்தாளியை இந்த மூன்றுக்கும் ஒரே நாளில் கூட்டிப் போகாதீர்கள். எனக்குத் திமிங்கிலத்தின் எலும்பும் சிங்கத்தின் கொட்டாவியும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

பார்க்க வேண்டியது டிராம். ஏறி உட்கார்ந்து போவதைச் சொல்லவில்லை. குளத்தங்கரையில் கடைசி நிறுத்தத்தில் நின்று பார்க்க வேண்டும். வண்டி திரும்பாது. கூரைமேல் இருக்கும் கம்பத்தைக் கயிற்றைப் பிடித்து இழுத்து, கம்பியிலிருந்து விடுவித்து, கண்டக்டர் தெருவிலேயே நடந்து சுற்றி வந்து மறுபக்கம் மாட்டுகிறார். பின்பக்கம் முன்பக்கமாகிவிடுகிறது. ஏகாம்பரம் அதைச் செய்வதைப் பாக்கியம் வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள்.

"நானும் ஒரு தடவை இழுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டாள்.

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. நான் குளத்தைப் பார்த்தேன். கயிற்றைக் கொடுத்தது. இவள் இழுத்த இழுப்பில் கம்பத்து நுனிச் சக்கரம் கம்பியைத் தவறவிட்டு, படபடவென்று நெருப்புப் பொறி. வண்டியில் இருந்தவர்களெல்லாம் சிரிப்பு. டிரைவர் முன்னாலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, இப்பவே வூட்டுக்காரம்மாவுக்கு வேலை கத்துக்குடுத்துட்டா நாளைக்கு நீ வூட்ல குந்திக்கலாம்னா?" என்றார். ஏகாம்பரத்துக்குக் காது இரண்டும் சிவந்துபோயின. பாக்கியம் மட்டும் சளைக்காமல், "இன்னொரு தடவை குடுங்க, சரியா மாட்டிடுவேன்" என்றாள். மாட்டினாள்.

அப்புறம் அதே வண்டியில் ஏறிப்போய் இறங்கும்போது ஏகாம்பரம் எனக்குச் சொன்ன புத்தியை உங்களுக்கும் சொல்கிறேன். "அத்தே, வண்டி போற பக்கமே மூஞ்ச வெச்சிக்கினு இறங்கு. பின்னால பாத்துக்கினு இறங்கினா பல்லு போயிடும்." எனக்கு இன்னும் இருபத்தாறு பல் இருக்கிறது.

4

சாப்பாட்டைப் பற்றி நான் சொன்னால் நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். நாற்பது வருடம் கடை நடத்தியவள்.

கடற்கரைச் சுண்டல் நன்றாக இருக்கிறது. மாங்காயும் தேங்காயும் சுண்டலோடு சேர்ந்து வெந்துவிடாமல், கொடுக்கும்போது மேலே தூவுகிறவனிடம் வாங்குங்கள். லஸ் முனையில் ஒரு கிழவி விற்கும் வேர்க்கடலையை வறுத்த சூட்டோடு தின்ன வேண்டும். மயிலாப்பூரில் ஒரு ஹோட்டலில் காபி குடித்தேன். காபி அருமை. பால், டிகாஷன், சூடு, ஒன்றிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் உள்ளே ஒரு கூடம், அதற்குப் பலகை மாட்டி, அது பிராமணர்களுக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறது. எங்களை வெளிப்பக்கம் உட்கார வைத்தார்கள். நான்தான் எழுத்துக் கூட்டுகிறவளாயிற்றே, பலகையை முழுதாகப் படித்து முடித்தேன்.

பாக்கியத்துக்குப் புரியவில்லை. "உள்ள இடம் காலியாத்தானே இருக்கு? ஏன் நம்மள இங்க உக்கார வெச்சாங்க?"

"காலியா இருந்தாலும் நமக்கு இல்ல."

"அப்போ நம்ம கடைக்கு அவங்க வந்தா?"

"உள்ள உக்கார வெச்சுச் சோறு போடுவோம். நாம கடை வெச்சிருக்கோம். அவங்க கூடம் வெச்சிருக்காங்க" என்றேன். டம்ளரைக் கொண்டுவைத்த பையனுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

ஐந்தாம் நாள் மின்சார ரயிலில் மாம்பலம் போனோம். புதிதாக ஒரு பட்டணமே எழுப்பியிருக்கிறீர்கள். அகலமான தெரு, நடுவில் பூங்கா, பங்களா பங்களாவாக வீடு. நான் சிறுமியாக இருந்தபோது அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் ஏரி. அதைத்தான் தேடினேன். "தாயாரம்மா, அந்தப் பெரிய ஏரி எந்தப் பக்கம்?" என்றேன்.

"ஏரியா? ஏரி மேலதான் நின்னுக்கினு கீறே!"

காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டேன். இரண்டு பேரும் தெருவில் நின்று சிரித்த சிரிப்பில் பங்களா நாய் குரைத்தது. எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஏரி இருந்த இடத்தில் தெரு வந்தது. நான் இருந்த இடத்தில் வேறு யாரோ வந்திருப்பார்கள். மாம்பலத்தைப் போய்ப் பாருங்கள். ஆனால் காலையில் போங்கள். மரங்கள் இன்னும் வளரவில்லை, நிழல் கிடையாது.

நிழல் வேண்டுமானால் அடையாறு, நாங்கள் ஏழாம் நாள் போனோம். ஆற்றைத் தாண்டி ஒரு தோட்டத்துக்குள் ஆலமரம். ஒரு ஊரே அதன் கீழ் படுத்துத் தூங்கலாம். அங்கேதான், பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, நான் பாக்கியத்திடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஊரு எப்டிடி கீது?"

"நல்லா இருக்கும்மா."

"மனுஷங்க?"

"நல்லா பேசுறாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் கால் வலிக்குது."

அவ்வளவுதான். ஒரு விழுது மேலே ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எட்டுப் பேரை வளர்த்தவள், கடையில் நூறு பேர் முகத்தைப் பார்த்தே யாருக்கு எவ்வளவு பசி என்று சொல்லிவிடுவேன். பெற்ற பெண் முகத்தில் எனக்கு எழுத்துத் தெரியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் வேலு பிடித்துக்கொண்டான். "அக்கா, கப்பலுக்கு மூணு நாளுதான் கீது. அவுங்களுக்கு இன்னா சொல்றே?"

யோசித்தேன். வீடு சின்னது. நடுவில் கடல். பெண் வாயே திறக்கவில்லை. மோல்மீன் மகள் முகம் வந்து எதிரில் நின்றது. "வேணாம்னு சொல்லிடு. அறுபத்துமூவர் முடிஞ்ச மறுநாள் சொல்லிடு. திருவிழா நேரத்துல அந்தத் தாயாரம்மா மனசு நோவ வேணாம்" என்றேன்.

5

எட்டாம் நாள் அறுபத்துமூவர். எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள், விருந்தாளிக்கு இந்த ஒரு நாளைக் காட்டினால் போதும். அறுபத்து மூன்று நாயன்மாரும் மாட வீதி வருகிறார்கள். அவர்களைப் பார்க்க ஊர் வருகிறது. அந்த ஊருக்கு மயிலாப்பூர் முழுக்கக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. நீர்மோர், பானகம், சுண்டல், பனை விசிறி. தெற்கு மாட வீதி முனையில் அத்தர்க்கடை சாயபு ஒருவர் போகிற வருகிறவர்கள் தலையிலெல்லாம் பன்னீர் தெளித்தார். தெருவில் தருவதை யாரும் வாங்கலாம். அது கை நனைப்பதில் சேராது. நான் மூன்று வாசலில் மோர் குடித்தேன்.

மூன்றாவது வாசலில் திரும்பிப் பார்க்கிறேன், பாக்கியத்தைக் காணோம்.

பயப்படவில்லை என்று சொன்னால் பொய். கூட்டம் என்றால் கூட்டம், தலைக்குமேல் தலை. ஊர் தெரியாத பெண். ரங்கூனில் பத்தொன்பது வருடம் கண்ணுக்குள் வைத்து வளர்த்து, நான் பிறந்த ஊரில் கொண்டுவந்து தொலைத்துவிட்டேனே! வேலு வடக்கே ஓடினான். நான் கிழக்கே போனேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கடைசியில் வேலுவின் பெண்டாட்டி வந்து கையைப் பிடித்தாள். "அண்ணி, பொண்ணு தாயாரம்மா வாசல்ல மோர் ஊத்திக்கினு கீதாம்."

போனோம். வாசலில் பானை இருந்தது, தாயாரம்மா இருந்தாள், பாக்கியம் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தாவது இலையில் என் மகள். சாம்பார் சோறு பாதி முடிந்திருந்தது.

வேலு பின்னாலேயே வந்தவன், "போச்சு!" என்றான்.

தாயாரம்மா கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். உள்ளே பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, சத்தியமா நான் போடல. நான் வாசல்ல மோர் ஊத்திக்கினு இருந்தேன். அடியே குப்பம்மா, இன்னா காரியம்டி பண்ணே?"

பக்கத்து வீட்டுக் குப்பம்மா பரிமாறிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "இன்னா பண்ணேன்? ரெண்டு மணி நேரமா வெயில்ல நின்னு ஊருக்கெல்லாம் மோர் குட்த்துச்சு பொண்ணு. அத்தப் பசியோட அனுப்பினா சாமி கண்ணக் குத்தாது? எல போட்டேன், குந்துன்னேன், குந்திச்சு. பொண்ணு கை நனைச்சாச்சு! யாராவது மஞ்சத் தட்ட எடுத்துக்கினு வாங்கடி!"

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பாக்கியம் கையில் சோற்றோடு என்னைப் பார்த்தாள். "என்னம்மா? என்ன ஆச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அவளிடம் சொல்லவே இல்லை. தம்பியிடம் சொன்னேன், தாயாரம்மா தானாக அறிந்திருந்தாள், ஊரே அறிந்திருந்தது. கை நனைக்கக் கூடாது என்று பெண்ணிடம் மட்டும் சொல்லவில்லை. அவள் வளர்ந்தது சாப்பாட்டுக் கடையில். பசித்தவன் உட்கார்ந்தால் இலை போடு, இலை போட்டால் வேண்டாம் என்னாதே, இதைத்தான் அவளுக்குப் பிறந்ததிலிருந்து சொல்லி வைத்திருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னேன். எல்லோர் எதிரிலும் சொன்னேன். அவள் முகம் ஒரு நிமிடம் வெளுத்தது. பிறகு, "நம்ம கடையில யாராவது எல போட்டப்புறம் எந்திரிச்சா நீ கரண்டியால அடிப்பியேம்மா?" என்றாள். குப்பம்மா சத்தமாகச் சிரித்தாள்.

வேலு என் காதருகில், "அக்கா, கடல் கடந்து பொறந்த பொண்ணு, வழக்கம் தெரியாதுன்னு சொல்லிட்டுக் கூட்டிக்கினு வந்துடு" என்றான்.

தாயாரம்மாவுக்கும் அது கேட்டுவிட்டது. அவள் என் எதிரில் வந்து நின்றாள். "அக்கா, அவரு சொல்றதுதான் சரி. தெரியாம சாப்ட்ட பொண்ணு. இத்த நான் வாக்கா எடுத்துக்க மாட்டேன். இந்தத் தெருவுல யாராவது வாயத் தொறந்தா நான் பாத்துக்கறேன். உனக்கு வேணாம்னா இட்டுக்கினு போ."

இட்டுக்கொண்டு போயிருக்கலாம். வேண்டாம் என்று சொல்ல முடிவு செய்தவள்தானே நான்? ஆனால் அந்தப் பாதி இலையைப் பார்த்தேன். ஆலமரத்தடியில் வராத வாய் அங்கே, நாற்பது பேர் நடுவில், வந்தது.

"பாக்கியம், தெரியாம சாப்ட்டது போவட்டும். அது கணக்கில்ல. இப்போ உனக்குத் தெரியும். பாதி சோறு இன்னும் எலையில கீது. எந்திரிச்சா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நான் பாத்துக்கறேன். சாப்டறதுன்னா தெரிஞ்சு சாப்டு. நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு."

தெருவில் மேளம் போய்க்கொண்டிருந்தது. பாக்கியம் இலையைப் பார்த்தாள். தாயாரம்மாவைப் பார்த்தாள்.

"ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை என்னை ரங்கூனுக்கு அனுப்புவீங்களா?"

இப்படி ஒரு பெண் மாமியாரிடம் கேட்டு நான் கேட்டதில்லை. தாயாரம்மாவும் கேட்டிருக்க மாட்டாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கப்பல் இன்னா என் கையிலயா கீது? நீ போவணும்னா போ. ஆனா என்னியும் கூட்டிக்கினு போவணும். பொறந்ததுலேர்ந்து அந்தக் கடலக் கரையிலேர்ந்தே பாத்துக்கினு கீறேன்."

பாக்கியம் சிரித்தாள். சிரித்துவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை. பிறகு குப்பம்மாவிடம் திரும்பி, "ரசம் இருக்குதா?" என்று கேட்டாள்.

நான் வாசல் பானையில் தண்ணீர் மொண்டு கையைக் கழுவினேன். உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எனக்கும் ஒரு எல போடு, சம்பந்தி" என்றேன். தாயாரம்மா இலை போடக் குனிந்தவள், அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ரசத்தில் உப்பு ஒரு கல் தூக்கல். சொல்லவில்லை. முதல் சோற்றிலேயே குறை சொல்வது அழகல்ல.

ஏகாம்பரத்துக்கு அன்று லீவு இல்லை. கூட்ட நாள், வண்டியில் இருந்தான். கடைசி நிறுத்தத்தில் டிரைவர்தான் அவனிடம் சேதி சொன்னாராம். கம்பத்தை மாட்டும்போது இந்தத் தடவை அவனே கம்பியைத் தவறவிட்டானாம்.

6

மறுநாளே கோயிலில் கல்யாணத்தை முடித்துவிட்டுக் கிளம்பினேன். கப்பலில் இரண்டு பேருக்குப் பிடித்த இடத்தில் நான் ஒருத்தி காலை நீட்டிப் படுத்து வந்தேன். வரும் வழியெல்லாம் அழுதேன் என்று நினைக்காதீர்கள். ஒரு நாள் அழுதேன். மற்ற நாளெல்லாம் கூட வந்தவர்களுக்குச் சென்னைப் பட்டணத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

இங்கே கடையை இப்போது மருமகள் பார்க்கிறாள். பேரப்பிள்ளைகள் சோற்றுக்குத் தமின் என்கிறார்கள், பர்மியப் பிள்ளைகளோடு தெருவில் சண்டை போடுவதும் அந்தப் பாஷையில்தான். திட்டுகிறேன், திருந்தவில்லை. பெரியவனின் மகள் மீனா மட்டும், நான் பிடித்த பிடியில், தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். பத்து வயது. வாசல்படியில் உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தா மீனா, பிடி. முதலிலிருந்து படித்துக் காட்டு. அவசரப்படாதே, பாட்டிக்கும் அவசரம் இல்லை. உன் அத்தை ரசம் கேட்கும் இடம் வந்தால் மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படி. எனக்கு அந்தக் குரலைக் கேட்க வேண்டும்.